பி0118 பிறந்த கதை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் எந்தப் பட்டறையில் வண்டியை விட்டாலும் இன்றைக்கு முதலில் காதில் விழும் கேள்வி, “ஸ்கேனர் போட்டுப் பாத்தீங்களா?” என்பதுதான். ஒரு தலைமுறைக்கு முன்னால் கேள்வி வேறாக இருந்தது. புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா என்று கேட்பார்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் ஊன்றி, எந்த சிலிண்டரில் தட்டுகிறது என்று சொல்லிவிடும் மேஸ்திரிகள் இந்தப் பக்கம் ஏராளமாக இருந்தார்கள். லாரிக்கு பாடி கட்ட இந்தியா முழுவதிலிருந்தும் சேசிஸ் வந்து நிற்கும் ஊர் நாமக்கல். எரிவாயு டேங்கர் லாரிகளின் ஊரும் அதுதான். பக்கத்தில் திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளின் ஊர், சங்ககிரி லாரிக்காரர்களின் ஊர். எஞ்சின் சத்தத்தில் வளர்ந்த சமவெளி இது.

இப்போது ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கப்ளரில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு எண்களும் திரையில் வருகின்றன. பி0118. அதன் கீழே ஒரு வரி: கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட், ஹை. “சென்சார் போச்சுங்க, மாத்திரலாம்” என்கிறார்கள். மாற்றுகிறார்கள், குறியீட்டை அழிக்கிறார்கள். வண்டி ஆண்டகளூர் கேட் தாண்டுவதற்குள் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது. பணம் போனதுதான் மிச்சம்.

சென்சார் போய்விட்டது என்று அந்தக் குறியீடு சொல்லவே இல்லை. அது உண்மையில் என்ன சொல்கிறது என்பது, அது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் விளங்கும்.

1943 ஜூலை 26. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் பழுப்பு நிறப் புகைமூட்டம் ஒன்று மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரித்தது, சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான்காரர்கள் விஷவாயு வீசிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் பயந்தார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்காக பியூடடையீன் தயாரித்துக்கொண்டிருந்த ஓர் ஆலையின் மேல் பழி விழுந்தது. அந்த ஆலையின் வாயைக் கட்டிய பிறகும் புகைமூட்டம் வந்துகொண்டேதான் இருந்தது. கண்ணில் பட்டதைக் குற்றவாளியாக்கும் வழக்கம் சென்சார் வந்த பிறகு தொடங்கியதல்ல.

அந்த ஊரின் அமைப்பு நமக்குப் புரியாததல்ல. சேலத்துக்கு வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. லாஸ் ஏஞ்சலஸ் மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்த கிண்ணம். மேலே சூடான காற்று மூடிபோல் நின்றுவிட்டால் கீழே கிளம்பிய புகைக்குப் போக்கிடம் இல்லை.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆரி ஹேகன்-ஸ்மிட் என்று ஒரு வேதியியலாளர் இருந்தார். நெதர்லாந்தில் பிறந்தவர். அன்னாசிப் பழத்தின் மணம் எந்தப் பொருட்களால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தின் மணத்தைப் பிடிக்க வைத்திருந்த அதே முறையில் ஊர்க் காற்றை இழுத்து, கடுங்குளிர் குழாய் வழியாகச் செலுத்தி உறையவைத்தார். துர்நாற்றம் வீசும் பழுப்புத் துளிகள் கிடைத்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போனவர் 1950-களின் தொடக்கத்தில் உலகுக்கு ஒரு விஷயத்தைச் சொன்னார்: வண்டியிலிருந்து எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் ஒன்றுசேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன, கண்ணை எரிப்பது அந்தக் கலவைதான். எண்ணெய்த் தொழில் பணம் கொடுத்து நடத்திய ஆய்வு அவரை மறுத்தது. அந்த மறுப்புதான் அவரை முழுமூச்சாக இதில் இறக்கிவிட்டது. 1967-ல் கலிபோர்னியா காற்றுவள வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே.

அவர் காட்டிய வழியில் சட்டங்கள் வந்தன. 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், வண்டிப் புகையின் முக்கிய நச்சுகளை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. முடியாது என்று கம்பெனிகள் வாதாடின. 1975 மாடல் வண்டிகளில் சைலன்சருக்கு முன்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய தேன்கூட்டு வடிவக் கல் அது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் அது செத்துப்போகும். அதனால் ஈயமில்லா பெட்ரோல் வேண்டியதாயிற்று. அடுத்து வந்த மூவழி கன்வெர்ட்டருக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கு ஏறக்குறைய பிசகாமல் இருந்தால்தான் மூன்று நச்சையும் ஒன்றாக முறிக்கும். எவ்வளவு நல்ல கார்புரேட்டராலும் அந்தக் கணக்கை ஓடும் வண்டியில் காப்பாற்ற முடியாது.

ஆகவே, எரிந்து வெளியே போகும் புகையிலேயே ஆக்சிஜன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து, அடுத்த நொடியே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஏற்பாடு செய்தார்கள். போஷ் நிறுவனம் செய்த லாம்ப்டா சென்சார் 1976-ல் கலிபோர்னியாவுக்குப் போன வால்வோ கார்களில் வந்தது. விரல் உறை அளவிலான சிர்க்கோனியப் பீங்கான், அதன் இருபக்கமும் பிளாட்டினப் பூச்சு. நன்றாகச் சூடேறிய பிறகு, பெட்ரோல் அதிகமானால் ஏறத்தாழ 0.9 வோல்ட், குறைந்தால் 0.1 வோல்ட் தரும். அந்தச் சிறு மின்னழுத்தத்தைப் படிக்க ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் வந்ததும் கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்று, த்ராட்டில் திறப்பு, கிராங்க் சுற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் தேவைப்பட்டது.

குறியீட்டின் பிறப்பு இங்கேதான். எஞ்சின் கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. ஒரு கம்பியில் எத்தனை வோல்ட் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கூலன்ட் சென்சாரையே எடுத்துக்கொள்வோம். பித்தளை உடம்புக்குள் தெர்மிஸ்டர் என்ற சின்ன மணி. குளிர்ந்தால் மின்தடை ஏறும், சூடேறினால் இறங்கும். பரவலாக உள்ள வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். கம்ப்யூட்டர் தன்னுள் இருக்கும் ஒரு தடையின் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் அதை எர்த்துக்கு இழுக்கிறது. எஞ்சின் சூடாக இருந்தால் கம்பியில் வோல்ட் குறையும், குளிர்ந்திருந்தால் கூடும்.

சரி, கம்பி அறுந்துவிட்டால்? இழுக்க ஆளில்லை. முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அதைக் கம்ப்யூட்டர் தன் அட்டவணையில் பார்த்தால் கிடைப்பது மைனஸ் 40 டிகிரி. பனி உறைந்த சைபீரியாவில் நிற்கிறோம் என்று நம்பிக்கொண்டு, பெட்ரோலை அள்ளி ஊற்றும். கன்வெர்ட்டர் சாகும், புகை ஊரில் பரவும். இதைத் தடுக்கத்தான் பொறியாளர்கள் அளவின் இரு முனைகளிலும் எல்லை வகுத்தார்கள். இந்த வோல்ட்டுக்கு மேலே போனால் அது உண்மையான குளிராக இருக்க முடியாது; இதற்குக் கீழே போனால் அது உண்மையான சூடாக இருக்க முடியாது. அப்படி நடக்க முடியாதது நடக்கிறபோது, அதை நம்பாதே, நினைவில் குறித்துவை, விளக்கைப் போடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1981-ல் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்கள் அனேகமாக எல்லாவற்றிலும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஸ்கேனர் தேவையில்லை. டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த கப்ளரில் இரண்டு முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்து, சாவியைத் திருப்பினால் போதும். ‘செக் எஞ்சின்’ விளக்கு பேச ஆரம்பிக்கும். ஒரு மினுக்கு, சிறு இடைவெளி, இரண்டு மினுக்கு: 12. இது எஞ்சின் சுற்றவில்லை, நான் விழித்திருக்கிறேன் என்பதற்கு அடையாளம். மூன்று தடவை அதைச் சொல்லிவிட்டு, நினைவில் இருக்கும் குறைகளை வரிசையாக மினுக்கும். 13 என்றால் ஆக்சிஜன் சென்சார் சர்க்யூட். 14 என்றால் கூலன்ட் சென்சாரில் வோல்ட் மிகக் குறைவு. 15 என்றால் மிக அதிகம். பி0118-இன் பாட்டன் அந்த 15. நம் ஊரில் கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்த புதிதில் மாருதி கார்களிலும் இதேபோல் கம்பி இணைத்து, விளக்கின் மினுக்கலை எண்ணிப் படித்த மெக்கானிக்குகள் உண்டு.

பிறகு வந்தது சட்டத்தின் கேள்வி. வண்டி கம்பெனியை விட்டு வெளியே வரும்போது சுத்தம். ஐந்து வருடம் கழித்தும் சுத்தமா என்று யார் பார்ப்பது? ஒவ்வொரு வண்டியையும் சோதனைக்கூடத்துக்கு இழுத்துப் போக முடியாது. வண்டியே தன்னைக் கண்காணித்துச் சொல்லட்டும் என்று கலிபோர்னியா வாரியம் முடிவு செய்தது. 1988 மாடல் வண்டிகளிலிருந்து ஓபிடி எனப்படும் அந்தக் கண்காணிப்பின் முதல் கட்டம் கட்டாயமானது. அதில் இரண்டு கோளாறுகள். ஒன்று, சர்க்யூட் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கவில்லை. இரண்டு, கம்பெனிக்கு ஒரு கப்ளர், கம்பெனிக்கு ஒரு பாஷை. ஒருவன் 15 என்றதை இன்னொருவன் வேறொரு எண்ணில் சொன்னான். தெருவோரப் பட்டறைக்காரர் எத்தனை கருவிகளைத்தான் வாங்குவார்?

அந்தக் குழப்பத்துக்கு முடிவாக வந்ததுதான் ஓபிடி-2. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 16 பின் கொண்ட ஒரே கப்ளரையும், எல்லோருக்கும் பொதுவான குறியீட்டு முறையையும் வகுத்தது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. சின்னப் பட்டறைக்கும் பெரிய கம்பெனி சர்வீஸுக்கும் ஒரே பாஷை கிடைத்தது இந்த வரலாற்றின் மிகப் பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன். ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ ஒருவர் சொந்தமாகப் பட்டறை வைத்து எந்தக் கம்பெனிக் காரையும் தொட முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அந்த 16 பின்தான்.

பி0118-ஐப் பிரித்துப் படிப்பதும் எளிது. ‘பி’ என்றால் எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறியீடு என்பதற்கு. அங்கே 1 இருந்தால் அந்தக் கம்பெனியின் சொந்தக் குறியீடு. அடுத்த 1, எரிபொருளும் காற்றும் அளக்கும் பகுதி. அந்த இடத்தில் 3 வந்தால் இக்னிஷன், மிஸ்ஃபயர். 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு. கடைசி 18-தான் குறிப்பிட்ட குறை. புகை அளவு சட்டம் சொன்னதைப்போல் ஒன்றரை மடங்கு ஆகும் அளவுக்கு ஏதாவது கெட்டால் விளக்கு எரிய வேண்டும் என்பது பொது விதி. ஒரு தடவை வந்த சந்தேகத்துக்கே எரிந்துவிடாமல், பல குறைகளுக்கு இரண்டு ஓட்டம் பார்த்த பிறகே எரியும்படி வைத்தார்கள். குறை தோன்றிய அந்தக் கணத்தில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம், என்ன வேகம், எவ்வளவு லோடு என்று ஒரு படமும் நினைவில் பதிகிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் இருக்கும் அதைத் திறந்து பார்க்கிறவர்கள் நம்மிடையே மிகக் குறைவு. ஏற்காட்டு வளைவுகளில் மட்டும் வரும் குறையா, சமவெளியில் எண்பதில் போகும்போது வரும் குறையா என்று அது சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் குறியீட்டை அழிப்பது சாட்சியை அழிப்பதற்குச் சமம்.

இந்தியாவுக்கு இது வந்த பாதையும் காற்றின் வழிதான். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா டெல்லியின் வண்டிப் புகைக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் 1985-ல் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும், அதற்காக ஈயமில்லா பெட்ரோலும் வந்தன. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து ஈயம் போனது. பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) என்ற புகை வரம்பு விதிகளின்படி வந்த பிஎஸ்-4 கார்களுக்கு 2010-ல் ஓபிடி முதல் கட்டமும் 2013-ல் இரண்டாம் கட்டமும் கட்டாயமாயின. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 நாடு முழுவதுக்குமான விதியானது. பிஎஸ்-5-ஐத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 வந்தது. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. அந்தத் தேதிக்கு மேல் பிஎஸ்-4 வண்டியே விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

லாரித் தொழிலுக்கு பிஎஸ்-6 வந்த அந்த நாள் பெரிய அடி. சைலன்சர் இருந்த இடத்தில் ஒரு சின்ன ரசாயன ஆலையே வந்து உட்கார்ந்தது. கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர், டிரைவர்கள் ‘யூரியா’ என்று சொல்லும் திரவத்தைத் தெளிக்கும் ஊசி, முன்னும் பின்னும் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார்கள். லாரிகளின் உள்பாஷையில் குறையின் பெயரும் வேறு. கார் பி0118 என்று சொல்வதை லாரி 110, 3 என்று சொல்லும். 110 என்றால் கூலன்ட் சூடு, 3 என்றால் வோல்ட் வரம்புக்கு மேல். மூன்று தலைமுறையிலும் அதே குறைதான்.

இனி பட்டறைக்குள் போவோம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கார் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புது சென்சார் போட்டும் பி0118 போகவில்லை. பெட்ரோல் குடிக்கிறது. காலையில் சாவி போட்ட உடனேயே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. சூடு தெரியாதபோது எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும் என்று பல வண்டிகளில் கம்ப்யூட்டர் செய்யும் வேலை அது.

“ஏனுங்ணா, புதுசு போட்டும் லைட்டு எரியுதுங்க.”

“வண்டிய ராத்திரி எங்கீங்க தம்பி நிறுத்தறீங்க?”

“கோழித்தீவன குடோன் ஓரமாத்தானுங்ணா.”

“அப்ப முதல்ல பேனட்டத் திறங்க.”

நாமக்கல்லில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார். மக்காச்சோளம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். ராத்திரி சூடு ஆறாத எஞ்சின் அதற்கு நல்ல படுக்கை. வயரின் மேலுறை பல்லுக்கு வேலை. ஆனாலும் கண்ணால் தேடுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறக்க வேண்டும். சேலத்து வெயிலில் வண்டி நிற்கிறது. திரையில் கூலன்ட் மைனஸ் 40. சென்சாரின் கப்ளரைக் கழற்றினாலும் மைனஸ் 40-தான். இப்போது கழற்றிய கப்ளரில் இருக்கும் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். திரையில் எண் மைனஸிலிருந்து ஒரே தாவலில் 120, 130-க்கு மேல் போனால், கம்பி நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கிறது, குற்றவாளி சென்சார்தான். பி0118-இன் எதிர்முனையான பி0117 வரும். அதுவே நல்ல அறிகுறி. எண் அசையவில்லை என்றால் சென்சாருக்கும் குறைக்கும் சம்பந்தமில்லை. அப்போது சிக்னல் கம்பியை மட்டும் எஞ்சின் உடம்பில் தொட்டுப் பார்க்க வேண்டும். இப்போது எண் தாவினால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அப்போதும் தாவவில்லையா? மல்டிமீட்டரில் அந்தக் கம்பியில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் வரை போக வேண்டும். நம் கதையில் வரும் காரில், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால் டேப் சுற்றிய இடத்தில் பச்சை வயர் ஒன்று கடிபட்டு அறுந்து தொங்குகிறது. ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினால் முடிந்தது வேலை.

ஓர் எச்சரிக்கை. இப்படி இரண்டு முனையை இணைத்துப் பார்ப்பது இரண்டு கம்பி உள்ள தெர்மிஸ்டர் சென்சாருக்கு மட்டும். மூன்று கம்பி உள்ள பிரஷர் சென்சார், த்ராட்டில் சென்சாரில் இதைச் செய்தால் கம்ப்யூட்டரின் 5 வோல்ட் லைனே படுத்துவிடும், சில சமயம் எரிந்தும் போகும்.

குறியீடு என்பது திருட்டு நடந்த தெருவைச் சொல்லும் புகார். திருடன் பெயர் அதில் இருக்காது. பி0171 வந்தால் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார்கள். அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். காற்று அளவிக்குப் பின்னால் ரப்பர் ஹோஸில் விரிசல் விட்டுக் கணக்கில் வராத காற்று நுழைந்துகொண்டிருக்கும். பி0128 வந்தால் கூலன்ட் சென்சாரை மாற்றுவார்கள். திறந்தபடி சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் வால்வு எஞ்சினைச் சூடேற விடாமல் இருக்கும். இன்னொன்று நம் மண்ணுக்கே உரியது. கருங்கல் பூமியின் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, சென்சார் முனையில் உப்பு படிந்து, கல்போல் இறுகி, சூட்டை உணரவிடாமல் செய்துவிடும். அங்கே புது சென்சார் போட்டாலும் அதே தண்ணீர் இருக்கும்வரை கொஞ்ச நாள்தான். கூலன்ட் கேன் வாங்க யோசிக்கும் சிக்கனம் கடைசியில் ஹெட் கேஸ்கெட்டில் போய் நிற்கும்.

லாரிகளில் இந்த நஷ்டம் பெரிது. நாக்ஸ் குறை வந்தால் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். லோடு வண்டி தொப்பூர் ஏற்றத்தில் ஊர்ந்து நிற்கும். விலை உயர்ந்த நாக்ஸ் சென்சாரை மாற்றுவதுதான் முதல் யோசனையாக வருகிறது. அந்த சென்சாரின் உள்ளே இருக்கும் பீங்கான் பலநூறு டிகிரிச் சூட்டில் வேலை செய்வது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே விரிசல் விடும் என்பது உண்மைதான். ஆனால் யூரியா ஊசியில் வெள்ளை உப்பு அடைத்திருந்தால் பின்பக்கப் புகையில் நாக்ஸ் நிஜமாகவே கூடியிருக்கும். சென்சார் அதைச் சரியாகத்தான் அளந்திருக்கும். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து டேங்கில் ஊற்றினால் இதுதான் நடக்கும். வண்டிக்குரிய திரவம் 32.5 சதவீதம் தூய யூரியாவும் மீதி கனிமநீக்கிய நீரும் கொண்டது. உரத்தில் இருக்கும் மற்ற பொருட்கள் கேட்டலிஸ்டைக் கெடுக்கும். கெட்ட கேட்டலிஸ்டின் விலையோடு பார்த்தால் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

இதற்கெல்லாம் குறுக்கு வழியாக, சாஃப்ட்வேரை மாற்றி விளக்கையே அணைத்துத் தருகிறோம், பொய் சிக்னல் கொடுக்கும் பெட்டி வைத்துத் தருகிறோம் என்று நாடெங்கும் ஒரு தொழில் நடக்கிறது. வண்டி இழுக்கிறது, விளக்கு எரியவில்லை, ஓனருக்குத் திருப்தி. டிரைவரின் தவணையும் ஓனரின் தவணையும் எனக்குத் தெரியாததல்ல. ஒரு நாள் வண்டி நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனாலும் இது தவறு, சட்டத்துக்கும் விரோதம். அந்த விளக்கு பிறந்ததே சுவாசிக்கிறவர்களுக்காக. வண்டியில் உட்கார்ந்திருப்பவரைவிட, சாலை ஓரத்தில் பள்ளிப் பேருந்துக்காக நிற்கும் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை. மலைகள் சூழ்ந்த சேலத்தின் பனிக்காலக் காலையில் அந்தப் புகை எங்கே போகும்?

இன்னொரு வருத்தமும் உண்டு. காதால் கேட்டுக் குறை சொன்ன மேஸ்திரிகளைப் பழைய ஆள் என்று ஒதுக்கிவிட்டு, ஸ்கேனர் படிக்கத் தெரிந்த பையனை மட்டும் நம்புகிறோம். பி0300 என்று ஸ்கேனர் மிஸ்ஃபயரைச் சொல்லும். அது பிளக்கா, காயிலா, வால்வில் கம்ப்ரஷன் போனதா என்று சொல்ல அந்தக் காது இன்றைக்கும் வேண்டும். அந்த மேஸ்திரிக்கு மல்டிமீட்டரும் வயரிங் படமும் கற்றுக்கொடுத்தால், இந்தப் பகுதியில் அவரை மிஞ்ச ஆளிருக்காது. ஐடிஐ-களில் ஸ்கேனரை எப்படிச் செருகுவது என்று காட்டுவதோடு நிறுத்தாமல், 5 வோல்ட் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்பதை ஒவ்வொரு மாணவனும் கையால் தொட்டுக் கற்கும்படி செய்ய வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மஞ்சள் விளக்கு எரிந்தால் பதறாதீர்கள். அது மினுக்கினால் மட்டும் உடனே வேகத்தைக் குறைத்துப் பக்கத்துப் பட்டறைக்குப் போங்கள், கன்வெர்ட்டரைக் கொல்லும் மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். பட்டறையில் குறியீட்டை அழிப்பதற்கு முன் அதையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் மாற்ற வேண்டும் என்றால், கம்பியைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சோதித்துப் பார்க்கும் மெக்கானிக்குக்கு, பொருள் எதுவும் மாற்றாவிட்டாலும், அந்த நேரத்துக்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.